காலில் ஒரு கட்டி, அதன் இரு முனையிலும் ஒரு வால்

தமிழில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மூன்று நான்கு வேலை பார்க்கிறோம். கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவது நரம்பு. அதில் போடுவது நரம்பு ஊசி. ராத்திரி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’. காலில் நீலமாக நெளிந்து கிடந்தால் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’. இவற்றில் ஒன்றுகூட மருத்துவர் நரம்பு என்று சொல்வது கிடையாது. முதல் இரண்டும் கடைசியும் ரத்தக்குழாய், மூன்றாவது தசை. உண்மையான நரம்பு வெளியே தெரியாது. வெளிர் மஞ்சளாக, உள்ளே ஆழத்தில், மூளைக்கும் பாதத்துக்கும் இடையே செய்தி கொண்டுபோய்க்கொண்டிருக்கும்.

பேச்சோடு போகும்வரை இந்தக் குழப்பத்தால் கெடுதல் இல்லை. உண்மையான நரம்பில் ஒரு கட்டி வந்து, அதையும் ‘சுருட்டல்’ கணக்கில் சேர்த்துவிட்டால்தான் வம்பு. நான் ஒரு ஸ்கேன் மையத்தில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற ஆள். டிபன் கடை நடத்தும் ஓர் அம்மா ஒருநாள் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. நாள் முழுக்க தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிற வேலை. சீட்டில், ‘வெரிகோஸ் வெயின் இருக்கிறதா பார்க்கவும்’ என்று எழுதியிருந்தது.

“ரெண்டு வருஷமா எண்ணெய் தேய்ச்சிட்டு இருக்கேன் சார். சுருட்டல் போகவே மாட்டேங்குது.”

ரத்தக்குழாய்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஜெல்லைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், “அந்த உருண்டையையும் ஒரு தடவை பாத்துடுங்களேன்” என்றார். முழங்கால் மடிப்புக்கு நாலு விரல் கீழே, கெண்டைக்காலின் நடுவில், சின்ன நெல்லிக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டினேன்.

“ஐயோ, உள்ளங்கால்ல கரண்ட் அடிக்குது சார்!”

தட்டியது கெண்டைக்காலில், ஷாக் அடித்தது உள்ளங்காலில். கொழுப்புக் கட்டியோ நீர்க்கட்டியோ பொதுவாக இப்படிச் செய்யாது. நரம்பில் தட்டினால் அந்த நரம்பு போய்ச்சேரும் இடத்தில் சுளீர் என்று உணர்வதற்கு டினெல் அறிகுறி என்று பெயர். 1915இல், முதல் உலகப் போரில் நரம்பு அடிபட்ட வீரர்களைப் பார்த்துவந்த பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெல் இதை எழுதி வைத்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் பால் ஹாஃப்மன் என்பவரும் தனியாக இதையே விவரித்தார். எதிரெதிர் அணியில் இருந்த இரண்டு நாடுகளின் மருத்துவர்கள் ஒரே நேரத்தில் ஒன்றையே கவனித்திருக்கிறார்கள்.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு. கட்டியை இரு விரலால் பிடித்து இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தால் நகரும். மேலும் கீழும் நகர்த்தப் பார்த்தால் நகராது. கயிற்றில் கோத்த மணியை நினைத்துக்கொள்ளுங்கள். கயிறு இரு பக்கமும் இழுத்துக் கட்டியிருந்தால் மணியும் கயிறுமாகப் பக்கவாட்டில் ஆடும். கயிற்றோடு ஒட்டிய மணி நீளவாக்கில் வழுக்காது. இங்கே கயிறு, நரம்பு.

நரம்புக் கட்டிக்கு எடுக்கும் எல்லாப் படமும் கடைசியில் இந்தக் கயிற்றைத்தான் தேடுகிறது. கட்டி எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்பதெல்லாம் அப்புறம். அதன் மேல்முனையில் ஒரு நரம்பு உள்ளே நுழைகிறதா, கீழ்முனையில் வெளியே வருகிறதா? அந்த இரண்டு வால்களும் தெரிந்துவிட்டால் பாதி நோயறிதல் முடிந்துவிட்டது.

நரம்புக்குள்ளே என்ன இருக்கிறது

காலுக்கு வரும் நரம்புகளில் பெரியது சயாட்டிக். உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான், ஏறக்குறைய ஒரு விரல் பருமன் இருக்கும். பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு முழங்கால் மடிப்புக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரியும். டிபியல் என்ற கிளை கெண்டைக்காலுக்குள் இறங்கி, உள்கணுக்காலுக்குப் பின்னால் வளைந்து உள்ளங்காலுக்குப் போகும். பெரோனியல் என்ற கிளை முழங்காலின் வெளிப்பக்கம், சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரும். கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் பாதம் மரத்துப்போகிறதே, நசுங்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

ஒரு நரம்பைக் குறுக்கே வெட்டினால் தாமரைத்தண்டை வெட்டியதுபோல இருக்கும். தண்டில் துளைகள் இருக்கும் இடத்தில் நரம்பில் இழைக்கட்டுகள் இருக்கும். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஏராளமான நுண்ணிழைகள். ஒவ்வோர் இழையையும் சுற்றிப் போர்த்தியிருப்பவை ஷ்வான் செல்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வாளர் தியோடர் ஷ்வான் பெயரால் அப்படி அழைக்கிறோம். கட்டுகளுக்கு ஓர் உறை, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே ஓர் உறை, இடையிடையே கொஞ்சம் கொழுப்பு.

கட்டி வருவது பெரும்பாலும் இந்தப் போர்வைகளில்தான். ஷ்வான் செல்கள் மட்டும் பெருகி உருண்டால் அது ஷ்வானோமா. தனக்கென்று ஒரு தோல் வைத்துக்கொண்டு, இழைக்கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வளரும். கயிற்றின் பக்கவாட்டில் செருகிய நெல்லிக்காய் என்று வைத்துக்கொள்ளலாம். அறுவை மருத்துவர் நரம்பின் உறையைக் கீறி, நுங்கைக் கண்ணிலிருந்து நோண்டி எடுப்பதுபோல இதை எடுக்க முடிகிறது. நியூரோஃபைப்ரோமா வேறு ரகம். அதில் ஷ்வான் செல்லோடு நார்த்திசுவும் மற்ற செல்களும் கலந்து, இழைகளுக்கு நடுவே ஊடுருவி இருக்கும். கயிற்றுப் புரிகளே சிக்கி விழுந்த முடிச்சு. நுங்குபோல வராது, நரம்பிழைகளைப் பலிகொடுக்காமல் முழுவதும் எடுப்பது கஷ்டம்.

இரண்டுமே பெரும்பாலும் சாதுவானவை. சாது என்றால் புற்றுநோய் அல்லாதது, உடம்பில் வேறெங்கும் பரவாதது என்று பொருள். வலிக்காது என்று பொருளல்ல. சாதுவான கட்டி ஒன்று இரண்டு வருஷம் தூக்கத்தைக் கெடுக்கலாம்.

ஜெல்லும் ப்ரோபும்

முதலில் அல்ட்ராசவுண்ட். கைக்கு எட்டும் ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு இதைவிட வசதியான கருவி கிடையாது என்பது என் அபிப்பிராயம். எம்.ஆர்.ஐ.க்கு உள்ள மரியாதை இதற்கு இல்லை, அது வேறு விஷயம். தோலில் வைத்து நகர்த்தும் கைக்கருவிதான் ப்ரோப். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கும் ப்ரோபால் இதைச் செய்ய முடியாது. அதிக அதிர்வெண் கொண்ட, நுனி தட்டையான ப்ரோப் வேண்டும். அதிர்வெண் கூடினால் படம் நுணுக்கமாக விழும், ஆனால் ஆழம் குறையும். அதனால் கெண்டைக்கால், முழங்கால் மடிப்பு, கணுக்கால் எல்லாம் அருமையாகத் தெரியும். பருத்த தொடைக்குள்ளே, பிட்டத்துக்கு அடியில் இருக்கும் சயாட்டிக் மங்கலாகத்தான் தெரியும்.

பார்க்கும் முறை இப்படி. முழங்கால் மடிப்பில் ப்ரோபைக் குறுக்காக வைத்தால் டிபியல் நரம்பு ஒரு சின்ன வட்டமாகத் தெரியும்: வெள்ளைப் பின்னணியில் கறுப்புப் புள்ளிகள், அதே தாமரைத்தண்டு. அதைத் திரையின் நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே நகர்த்த வேண்டும். ரயில் ஜன்னலிலிருந்து பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு போகிற மாதிரி, கண்ணை எடுக்கக் கூடாது. அந்த அம்மாவுக்கு அப்படிப் போனபோது, கட்டிக்கு ஒரு செண்டிமீட்டர் மேலேயே வட்டம் லேசாகப் பருத்தது. அப்புறம் புள்ளிகள் ஒரு பக்கமாக ஒதுங்கின. திடீரென்று திரை நிறைய ஒரு கரிய முட்டை. இன்னும் கீழே போனதும் முட்டை சுருங்கி, மறுபடி தாமரைத்தண்டு. ப்ரோபை நீளவாக்கில் திருப்பினேன். கதிர்க்கோல் போல இரு முனையும் கூராகி, இரண்டு பக்கமும் வால்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அனுபவசாலிகளும் விழுவார்கள். ஷ்வானோமா திரையில் ஏறக்குறைய கறுப்பாக, சீராக, கோடு போட்டாற்போல் தெளிவான ஓரத்தோடு இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி வழக்கத்தைவிட வெளுப்பாகத் தெரியும். இந்த இரண்டும் நீர்க்கட்டிக்கும் உரிய லட்சணங்கள். போதாக்குறைக்கு, முழங்காலுக்குப் பின்னால் மூட்டு நீர் பிதுங்கி வரும் பேக்கர் நீர்க்கட்டி மிகச் சாதாரணம். அவசரத்தில் பார்த்தால் கை தானாகவே ‘பேக்கர் சிஸ்ட்’ என்று டைப் அடித்துவிடும். தப்பிக்க வழி டாப்ளர் பொத்தான். ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் அந்த வசதியைப் போட்டால், நீர்க்கட்டிக்குள் எதுவும் தெரியாது. நரம்புக் கட்டிக்குள் பெரும்பாலும் நாலைந்து சிவப்பு நீலப் புள்ளிகள் மினுக்கும். பேக்கர் கட்டி என்றால் இரண்டு தசைநாண்களுக்கு இடையே கழுத்துபோல நீண்டு மூட்டுக்குள் போகும். அந்தக் கழுத்தையும் தேட வேண்டும்.

கொழுப்புக் கட்டி என்று முடிவுகட்டுவதும் இதே மாதிரிதான் நடக்கிறது. அதில் உள்ள ஆபத்து பெரிது. கொழுப்புக் கட்டி என்று நினைத்து, படம் எதுவும் எடுக்காமல், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கும் ஊசி போட்டு அறுத்து எடுத்துவிட்டு, நரம்பையும் சேர்த்து எடுத்துவிட்ட சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. எழுந்து நின்றால் பாதம் தொங்கும், அல்லது உள்ளங்காலில் உணர்வே இருக்காது. கை கால்களில் ஆழமாக இருக்கும் எந்த உருண்டையையும் படம் பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள் என்று உறவினர்களிடம் நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரை ஒட்டிய கால்

அந்த அம்மாவுக்கு அடுத்து எம்.ஆர்.ஐ. படுப்பதற்கு முன் டெக்னீஷியன் தம்பி கட்டி இருந்த இடத்தில் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூல் ஒன்றை பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். மெடிக்கல் கடையில் கிடைக்கும் அதே கேப்ஸ்யூல். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். ‘கட்டி இங்கே’ என்று சுட்டுகிற அடையாளக் கல். “இதைச் சாப்பிட வேணாமா தம்பி?” என்று அவர் இரண்டு முறை கேட்டார்.

எம்.ஆர்.ஐ. எக்ஸ்ரே இல்லை. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து, உடம்பில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையைப் படமாக்குவது. அணு நீரில் இருக்கிறதா, கொழுப்பில் இருக்கிறதா, நாரில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து சமிக்ஞை மாறும். எடுக்கிற விதத்தை மாற்றினால் ஒரே காலுக்குப் பல விதப் படம் கிடைக்கும். இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். டி1 என்ற படத்தில் கொழுப்பு வெள்ளை, நீர் கறுப்பு. கொழுப்பை அடக்கி எடுக்கும் டி2 படத்தில் நீர் வெள்ளை, கொழுப்பு கறுப்பு.

டி1 படத்தில் கட்டி தசையின் சாம்பல் நிறத்திலேயே கரைந்து கிடக்கும். அது காட்டிக்கொடுக்கப்படுவது சுற்றியிருக்கும் கொழுப்பால். நரம்பும் ரத்தக்குழாயும் எப்போதுமே கொஞ்சம் கொழுப்பு மெத்தைக்குள்தான் ஓடும். நரம்புக் கட்டி மெதுவாக வளர்வதால் அந்த மெத்தையைக் கிழிக்காமல் விரித்துக்கொண்டே போகிறது. அதனால் மேல்முனையிலும் கீழ்முனையிலும் வெள்ளைக் கொழுப்பு இரண்டாகப் பிளந்து, கட்டியை அணைத்தபடி நிற்கும். பிளந்த கொழுப்பு அறிகுறி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். தசைக்குள்ளேயே முளைத்த கட்டிக்கு இந்த வெள்ளை ஓரம் பெரும்பாலும் அமையாது. இதைத் தாண்டியும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: பிளந்த கொழுப்பு, கட்டி நரம்பு ஓடும் பாதையில் பிறந்தது என்பதைத்தான் சொல்கிறது. சாதுவா இல்லையா என்று அது சொல்லாது.

டி2 படத்தில் கட்டி நீர்போல வெளுக்கும். இங்கேதான் பாடப்புத்தகங்கள் கொண்டாடும் இலக்குப்பலகை அறிகுறி வருகிறது. பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். ஓர வளையம் ஒரு நிறம், நடு வட்டம் வேறு நிறம். கட்டியும் அப்படித்தான் விழும். ஓரம் வெள்ளை, நடு கறுப்பு. ஓரத்தில் நீர்ச்சத்து மிகுந்த தளதளப்பான திசு, நடுவில் இறுகிய நார்த்திசு இருப்பதால் இப்படி. நியூரோஃபைப்ரோமாவில் இது அதிகம், ஷ்வானோமாவிலும் வரும். இது தெரிந்தால் சாதுவாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தெரியவில்லை என்பதற்காகப் பதற வேண்டாம்; நாணயம் போலவே தெரியாத சாதுக் கட்டிகள் எத்தனையோ.

ஷ்வானோமாவா நியூரோஃபைப்ரோமாவா என்று படத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியுமா? நரம்பு ஒரு ஓரமாக ஒதுங்கிப் போனால் ஷ்வானோமா, நடுவிலேயே போய் மறைந்தால் நியூரோஃபைப்ரோமா என்று ஒரு கணக்கு உண்டு. பல நேரம் ஒத்துப்போகும், சில நேரம் காலை வாரும். சின்ன நரம்பாக இருந்தால் ஓரம் எது நடு எது என்றே பிரித்துப் பார்க்க முடியாது. அதனால்தான் ரிப்போர்ட்டில் ‘நரம்பு உறைக் கட்டி, சாதுவானதாகத் தோன்றுகிறது’ என்று பொதுவாக எழுதுகிறோம். மழுப்புகிறோம் என்று நினைக்காதீர்கள்.

நரம்புகளையே குறிவைத்து எடுக்கும் எம்.ஆர். நியூரோகிராஃபி என்ற முறை 1993 வாக்கில் வந்தது. கொழுப்பையும் ரத்த ஓட்டத்தையும் அடக்கிவிட்டு நரம்பை மட்டும் மினுங்க வைப்பது அதன் உத்தி. 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த பலத்தின் அளவு) கருவியில் எடுத்தால் தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரே நூலாகப் பின்தொடரலாம். தேவைப்பட்டால் கடோலினியம் கலந்த சாய மருந்தைக் கையில் ஏற்றி இன்னொரு சுற்று எடுப்பார்கள். டி2வில் வெளுத்தது நீர்க்கட்டியா திசுக்கட்டியா என்ற சந்தேகம் அதில் தீரும். நீர்க்கட்டியின் சுவர் மட்டும் ஒளிரும், திசுக்கட்டி உள்ளேயும் ஒளிரும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், உடம்பில் உலோகத் துண்டு இருப்பவர்கள் படுக்கையில் ஏறும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

முதுகில் தேடி, தொடையில் தொலைத்தது

நரம்புக் கட்டி தப்பிப்போவதற்கு முக்கியமான காரணம் கருவி சரியில்லாததோ மருத்துவருக்குத் தெரியாததோ இல்லை. ஸ்கேன் எடுத்த இடம் வேறு, கட்டி இருந்த இடம் வேறு.

பிட்டத்திலிருந்து கால்வரை இழுக்கும் வலி என்றதும் எல்லோரும் இடுப்புத் தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள். நியாயம்தான், பெரும்பாலானவர்களுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். படத்தில் ஒரு ‘டிஸ்க் பல்ஜ்’, அதாவது முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டின் பிதுக்கம், தெரியும். தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம். ஆகவே ஏதோ ஒன்று கிடைத்துவிடும், தேடல் நின்றுவிடும். இடுப்பு எம்.ஆர்.ஐ. படம் பிட்டத்துக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. தொடை நடுவில் சயாட்டிக்கில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தால் அந்தப் படத்துக்கு அது தெரிய வழியே இல்லை.

இதில் அதிகம் தப்பிப்போவது பெரிநியூரியோமா என்ற அபூர்வ ரகம். இழைக்கட்டுகளைச் சுற்றியிருக்கும் உறைச் செல்கள் நரம்புக்குள்ளேயே வெங்காயத்தோல் போல அடுக்கடுக்காகப் பெருகுவது. பெரும்பாலும் பதின்வயதிலோ இளம் வயதிலோ வரும். உருண்டை தட்டுப்படாது. வலியும் பெரும்பாலும் இருக்காது. விளையாடிக்கொண்டிருந்த பையனுக்கு ஒரு கால் மட்டும் மெல்ல மெல்ல சூம்பும், செருப்பு நழுவும், பாதத்தைத் தூக்கி வைக்கச் சிரமப்படுவான். இடுப்பு எம்.ஆர்.ஐ. சுத்தமாக வரும். நரம்பில் லேசான மின்தூண்டல் கொடுத்து, செய்தி எப்படி ஓடுகிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்தால் கோளாறு எந்த நரம்பில், எந்த மட்டத்தில் என்று ஓரளவு சொல்லிவிடும். அந்த மட்டத்தில் நுணுக்கமாக எடுத்த எம்.ஆர்.ஐ.யில், நரம்பு பல செண்டிமீட்டர் நீளத்துக்கு முருங்கைக்காய் போலப் பருத்து, சாய மருந்தில் பளிச்சென்று ஒளிரும். குறுக்கே பார்த்தால் தாமரைத்தண்டின் துளைகள் ஒவ்வொன்றும் பெருத்திருக்கும், ஆனால் அந்த அமைப்பு கலைந்திருக்காது. நோய் பெரும்பாலும் அந்த ஒரு நரம்போடு நிற்கும்.

பாதம் தொங்குவதற்கு இன்னொரு கள்ளன் உண்டு. முழங்காலின் வெளிப்பக்கம் இரண்டு எலும்புகள் சேரும் சின்ன மூட்டிலிருந்து, அந்த மூட்டுக்கே வரும் மெல்லிய நரம்புக்கிளை வழியாக, மூட்டு நீர் பெரோனியல் நரம்புக்குள்ளேயே ஏறி அதை வீங்கவைக்கும். பார்வைக்கு நரம்புக் கட்டி, உண்மையில் கசிவு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ராபர்ட் ஸ்பின்னரும் அவருடைய குழுவினரும் 2003 முதல் இந்த விளக்கத்தை நிலைநாட்டினார்கள். எம்.ஆர்.ஐ.யில் அந்தக் கிளை மூட்டோடு சேரும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதை அடைக்காமல் நீரை மட்டும் எடுத்தால் மறுபடி நிரம்பிக்கொள்ளும்.

நம் ஊரில் மறக்கக் கூடாத மற்றொன்று தொழுநோய். அதே பெரோனியல் நரம்பும் கணுக்கால் பக்கத்து டிபியலும் தொழுநோயில் தடிக்கும். சில சமயம் உள்ளே சீழ்கட்டி, கட்டி என்றே நினைக்க வைக்கும். தோலில் உணர்வற்ற தேமல் இருக்கிறதா என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட வேண்டும். எம்.ஆர்.ஐ.க்குக் கேட்டுவிட்டுத் தோலைப் பார்க்காமல் விட்ட கதைகள் எங்கள் வட்டத்தில் சகஜம்.

எப்போது கவலைப்பட வேண்டும்

நரம்பு உறையில் புற்றுநோய்க் கட்டியும் வரலாம், அபூர்வமாக. சில மாதங்களிலேயே மளமளவென்று பெரிதாவது, சும்மா இருக்கும்போதும் இரவிலும் வலிப்பது, கால் பலம் வேகமாகக் குறைவது ஆகியவை நோயாளி சொல்லும் குறிப்புகள். படத்தில் 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, ஓரம் கலைந்திருப்பது, சுற்றியுள்ள தசையில் வீக்கம் ஏறியிருப்பது, உள்ளே ஒழுங்கில்லாமல் இருப்பது, நீர் மூலக்கூறுகளின் நடமாட்டத்தை அளக்கும் டிஃப்யூஷன் படத்தில் நடமாட்டம் நெருக்கப்பட்டிருப்பது ஆகியவை நாங்கள் தேடுவன. ஒன்றை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

இதில் வேடிக்கை, ரொம்ப நாள் கிடந்த ஷ்வானோமா ஒன்று முதிர்ந்துபோய், உள்ளே நீர்கோத்து, சுண்ணாம்பு படிந்து, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். புராதன ஷ்வானோமா என்றே அதற்குப் பெயர். ஆள் முரட்டுத் தோற்றம், சுபாவம் சாது. இன்னொரு பக்கம், பெட் ஸ்கேனில், அதற்காக ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை நிறைய உறிஞ்சி ஒளிரும் கட்டி புற்றுநோய்தான் என்று நினைப்போம். சாதுவான ஷ்வானோமாவும் நன்றாகவே ஒளிரும்.

கட்டி ஒன்றுக்கு மேல் இருந்தாலோ, தோலில் காபி நிறத் தேமல்கள் ஆறோ அதற்கு மேலோ இருந்தாலோ, என்.எஃப்.1 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1) என்ற மரபணுக் கோளாறை நினைக்க வேண்டும். 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது. ஏறக்குறைய 3000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இவர்களுக்கு நியூரோஃபைப்ரோமாக்கள் பல வரும். வாழ்நாளில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு அவற்றில் ஒன்று புற்றாக மாறக்கூடும். எனவே இவர்களைப் பார்க்கும் கண் வேறு. தனியாக ஒரே ஒரு ஷ்வானோமா வந்தவருக்கு அந்தப் பயம் தேவையில்லை, அது புற்றாக மாறுவது மிக மிக அரிது.

ஊசி வைத்துத் துண்டு எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். எடுக்கலாம், சந்தேகம் இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் மற்ற கட்டிகளுக்கு எடுப்பதுபோல எடுத்தவுடன் எடுப்பதில்லை. ஊசி நுழைவது நரம்புக்குள். உயிர்போகிற வலி வலிக்கும், ஆரோக்கியமான இழை ஒன்று அறுபடவும் கூடும். வால் தெளிவாக, ஓரம் தெளிவாக, வளர்ச்சி மெதுவாக இருக்கிற சின்னக் கட்டிக்குப் பல மருத்துவர்கள் ஊசியைத் தவிர்த்துவிடுவார்கள். எடுப்பதானால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, இழைகள் ஒதுங்கியிருக்கும் பக்கத்தைத் தவிர்த்து எடுப்பார்கள். அதனால்தான் படம் முதலில், ஊசி அப்புறம். முறை மாறினால் ஊசி குத்திய ரத்தக்கசிவும் படத்தில் சேர்ந்து எங்களைக் குழப்பும்.

அந்த அம்மாவின் ரிப்போர்ட்டில், டிபியல் நரம்பில், நீளம் 22 மி.மீ., ஓரம் தெளிவு, இரு முனையிலும் நரம்புத் தொடர்ச்சி, ஷ்வானோமாவாக இருக்கலாம் என்று எழுதினேன். நரம்பு அறுவை மருத்துவர் அவரிடம் இரண்டு வழி சொன்னார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி எடுத்துவிடலாம். வலி தாங்குமளவு இருந்தால், ஆறு மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம். கடையை மூட முடியாது என்று அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். எண்ணெய் தேய்ப்பதை மட்டும் நிறுத்தச் சொன்னேன், தேய்க்கத் தேய்க்கத்தான் ஷாக் அடித்துக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் கழித்துப் பழைய சி.டி.யையும் பிலிமையும் மஞ்சள் பையில் போட்டுப் பத்திரமாக எடுத்து வந்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி, ஏனென்றால் பலர் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு படத்தைத் தொலைத்துவிடுவார்கள். படம் இல்லாவிட்டால் ஒப்பிட்டு அளக்க வழியில்லை. பழைய படத்தை ஒரு திரையில், புதியதை மறு திரையில் வைத்து, அதே மட்டத்தில், அதே கோணத்தில் அளந்தேன். 22 மி.மீ.

“அப்ப ஒண்ணும் இல்லையா சார்?”

“இருக்கும்மா. அப்படியே இருக்கு.”